காலிகாரியில் நடித்த இருவர்: ஜெர்மன் சினிமாவில் கலையும் பிரச்சாரமும்

வாசகர் கேள்வி, ஜூன் 2

நாஜி கட்சியின் 1934 மாநாட்டைப் பற்றி லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 'ட்ரையம்ப் ஆஃப் தி வில்' படத்தை நேற்று முழுசாகப் பார்த்தேன். அரசியலை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் மிரட்டலான படம். 1920-களில் வந்த 'காலிகாரி', 'நோஸ்ஃபெராட்டு', 'மெட்ரோபோலிஸ்' எல்லாவற்றையும் கலை என்று கொண்டாடுகிறோம். 1933-க்குப் பிறகு வந்ததை மட்டும் பிரச்சாரம் என்று தள்ளிவைக்கிறோம். முன்னாடி வந்தவர்கள் கலைஞர்கள், பின்னாடி வந்தவர்கள் பிரச்சாரகர்கள் என்று கோடு போடுவது சரியா? தொழில்நுட்பத்தை மட்டும் தனியாகப் பேசினால் என்ன தப்பு?

ஜூன் 2, இரவு 10.15

முதலில் அந்த 1933 கோட்டை எடுத்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார், மார்ச்சில் கோயபல்ஸ் பிரச்சார அமைச்சர் ஆனார். அதுவரை ஜெர்மன் சினிமா அரசாங்கத்தின் கை படாமல் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜெர்மன் சினிமாவின் பெரிய கம்பெனி உஃபா. 'நோஸ்ஃபெராட்டு' இயக்கிய முர்னாவ், 'மெட்ரோபோலிஸ்' இயக்கிய லாங், இவர்கள் படங்களில் பலவும் அந்தப் பெயரோடுதான் வெளிவந்தன. அந்த உஃபாவைத் தொடங்க வைத்தது ராணுவம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917 ஜூலை 4-ல், தளபதி லூடெண்டார்ஃப் போர் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிரி நாடுகள் சினிமாவை ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன, நாமும் சிதறிக் கிடக்கும் படக் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது சாரம். அதே ஆண்டு டிசம்பர் 18-ல் டாய்ச் வங்கியும் பெரிய தொழிலதிபர்களும் பணம் போட, 25 மில்லியன் மார்க் முதலீட்டில் உஃபா பிறந்தது. அதில் அரசுப் பணமும் இருந்தது, வெளியே தெரியாமல்.

போரில் தோற்றார்கள், கம்பெனி மட்டும் நின்றது. பிரச்சாரத்துக்காகக் கட்டிய ஸ்டுடியோக்களிலும் அதற்காகச் சேர்த்த மூலதனத்திலும் கலைப் படங்கள் வந்தன. 1927-ல் வலதுசாரிப் பத்திரிகை முதலாளி ஹூகன்பெர்க் அதை வாங்கினார். 1933 வந்தபோது கோயபல்ஸுக்குத் தேவையான இயந்திரம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

தொழில்நுட்பத்தைப் பற்றிய கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

ஜூன் 3, காலை

கோடு போடுவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஒரு படத்தின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொருவரும் பிறகு எங்கே போனார்கள் என்று தொடர்ந்து பார்ப்பது. 'காலிகாரி'யிலேயே தொடங்கலாம். இயக்கம் ராபர்ட் வீனே, கதை கார்ல் மேயரும் ஹான்ஸ் யானோவிட்ஸும், கம்பெனி டெக்லா. 1920 பிப்ரவரி 26-ல் பெர்லினில் முதல் காட்சி. (டெக்லா உஃபாவோடு இணைந்தது அடுத்த வருஷம். ஆகவே 'காலிகாரி' உஃபா படம் என்று எங்கேயாவது படித்தால் அது சரியில்லை.)

படத்தில் இரண்டு பேர். கண்காட்சியில் கூடாரம் போட்டு வித்தை காட்டும் டாக்டர் காலிகாரி, அவர் ஏவலில் தூக்கத்திலேயே நடந்து போய்க் கொலை செய்யும் சிசாரே. காலிகாரியாக வெர்னர் கிராவுஸ், சிசாரேயாக கான்ராட் வெய்ட்.

வெய்ட் நடந்து வரும் ஒரு காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். நாயகி ஜேனின் வீட்டுக்குப் போகிற காட்சி. சுவரை ஒட்டி நகர்கிறார். ஒரு கை மேலே நீண்டு சுவரைத் தடவியபடியே வருகிறது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சுவரில் இருக்கும் நிழல்களில் பாதி, வெளிச்சத்தால் விழுந்தவை அல்ல, துணியில் பெயின்ட் அடித்தவை. அந்த வரைந்த கோடுகளின் கோணத்துக்குத் தன் உடம்பையும் அவர் வளைத்துக்கொள்கிறார். கறுப்பு உடையில் நகரும்போது செட்டில் ஒரு கோடு கழன்று வந்ததுபோல் தெரியும். இந்த அளவுக்குச் செட்டைப் புரிந்துகொண்டு நடித்தவர்கள் அந்தப் படத்தில் இரண்டே பேர், இவரும் கிராவுஸும். மற்றவர்கள் சாதாரண நாடக நடிப்பைத்தான் நடித்தார்கள்.

இனி இருவரும் போன பாதை.

வெய்ட் 1919-லேயே, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து ரிச்சர்ட் ஆஸ்வால்ட் எடுத்த 'மற்றவர்களிலிருந்து மாறுபட்டவன்' என்ற படத்தில் நாயகனாக நடித்தவர். அந்தக் காலத்துக்கு அது எத்தனை துணிச்சல் என்று சொல்லத் தேவையில்லை. அவர் மனைவி லில்லி யூதர். 1933-ல் இருவரும் பிரிட்டனுக்குப் போய்விட்டார்கள். 1934-ல் அங்கே 'ஜூ சூஸ்' என்ற படத்தில் யூத நாயகனாக நடித்தார். 18-ஆம் நூற்றாண்டில் வுர்ட்டம்பெர்க் அரசவையில் நிதியைக் கவனித்து, கடைசியில் தூக்கிலிடப்பட்ட யோசஃப் சூஸ் ஓப்பன்ஹைமரின் கதை. யூதர்கள் மீதான வெறுப்பு ஒரு மனிதனை எப்படிப் பலி வாங்குகிறது என்று காட்டிய படம்.

கிராவுஸ் ஜெர்மனியில் இருந்துவிட்டார். நாஜி அரசின் நாடக மன்றத்தில் துணைத் தலைவராக இருந்தார். 1940-ல் அதே ஓப்பன்ஹைமரின் கதையைத் தலைகீழாக்கி ஃபைட் ஹார்லன் 'யூட் சூஸ்' எடுத்தார். நாஜிகள் எடுத்த கதைப் படங்களிலேயே யூத வெறுப்பை மிகக் கொடுமையாகப் பரப்பியது அதுதான். அதில் கிராவுஸ் ஒரு வேடத்தில் அல்ல, பல யூத வேடங்களில் நடித்தார். ரபி, செயலர், கறிக்கடைக்காரர் என்று ஒவ்வொன்றாக. அவருடைய அசாத்தியத் திறமை அத்தனையும் அதில் இறங்கியது. ஏறக்குறைய 2 கோடிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். தன் எஸ்.எஸ். படையினரும் போலீசாரும் அதைப் பார்க்க வேண்டும் என்று ஹிம்லரே உத்தரவு போட்டார்.

1920-ல் ஒரே கூடாரத்துக்குள் நின்ற இருவரும், ஒரே சரித்திர மனிதனின் கதையில், 6 வருஷ இடைவெளியில், எதிரெதிர்ப் பக்கங்களில் நடித்திருக்கிறார்கள். கோடு வருஷத்துக்கு நடுவில் ஓடவில்லை. ஒரே படத்தின் நடிகர் பட்டியலுக்கு நடுவில் ஓடுகிறது.

ஜூன் 3, மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: 'காஸாபிளாங்கா'வில் வரும் நாஜி மேஜர் ஸ்ட்ராஸர் இந்த வெய்ட்தானா? ஆமாம், அவரேதான். 1939-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார், அப்புறம் அமெரிக்கா போனார். 1943 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். போர் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

ஜூன் 5

இப்போது தொழில்நுட்பம்.

'ட்ரையம்ப் ஆஃப் தி வில்' படத்தை ஒரு திரையிடலில் இருபது முப்பது பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். தனியாக மடிக்கணினியில் பார்ப்பதும் கூட்டத்தோடு பார்ப்பதும் வேறு வேறு. ராணுவ வாத்தியம் நீண்டுகொண்டே போகிற ஒரு கட்டத்தில் என் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்திருந்தது. அதைக் கவனித்ததும் உடம்பு சில்லிட்டுப் போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 'தொழில்நுட்பத்தை மட்டும் பார்க்கிறேன்' என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அந்தத் தொழில்நுட்பம் வேலை செய்யும் இடமே நம் உடம்புதான்.

சரி, கண்ணால் பார்த்ததைப் பேசுவோம். தொடக்கத்தில் மேகங்கள். விமானம் இறங்குகிறது. கீழே நியூரெம்பெர்க் நகரத்துக் கோபுரங்கள், தெருவில் அணிவகுத்துப் போகிறவர்கள் மேல் விமானத்தின் நிழல் ஓடுகிறது. பிறகு ஹிட்லர் திறந்த காரில் வருகிறார். கேமரா அவருக்குப் பின்னால், அதே காரில் இருக்கிறது. அவர் கையை மடக்கி உயர்த்தும்போது உள்ளங்கையில் வெயில் விழுந்து பளிச்சென்று தெரிகிறது. ஒரு தாய் குழந்தையோடு வந்து பூ கொடுக்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை. முகங்கள், முகங்கள், எல்லாம் ஒரே திசையில் திரும்பியவை. நாடு முழுக்க ஒரே ஆளைப் பார்க்கிறது என்பதைச் சொல்ல அங்கே வர்ணனைக் குரலே கிடையாது. படம் முழுவதற்குமே கிடையாது. தானாக நடந்ததை நாம் எட்டிப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது.

தானாக நடந்தது எதுவும் இல்லை. சுமார் 170 பேர் கொண்ட படக்குழு, ஏறத்தாழ 30 கேமராக்கள், கேமராவுக்காகத் தோண்டிய குழிகள், போட்ட தண்டவாளங்கள். லூய்ட்போல்ட் மைதானத்தில் கொடிக்கம்பம் ஒன்றில் லிஃப்ட் கட்டி, கேமராக்காரரை மேலே ஏற்றி எடுத்தார்கள். உற்றுப் பார்த்தால் பின்னணியில் அந்த லிஃப்ட் நகர்வதுகூடச் சில இடங்களில் தெரியும். மைதானத்தை வடிவமைத்த ஆல்பர்ட் ஸ்பேரும் படப்பிடிப்பை மனதில் வைத்துத்தான் வேலை செய்தார். மண்வெட்டியோடு நிற்கும் தொழிற்படை இளைஞர்கள் 'தோழரே, எங்கிருந்து வருகிறாய்?' என்று கேட்டு, ஒவ்வொருவராக ஊர்ப் பெயர் சொல்லும் காட்சி இருக்கிறதே, நேரம் பிசகாமல் ஒத்திகை பார்த்தால்தான் அப்படி வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதைவிட முக்கியமானது. இதற்கு முந்தைய வருஷம், 1933-லும், ரீஃபென்ஸ்டால் அதே நியூரெம்பெர்க்கில் அதே கட்சி மாநாட்டைப் படம் எடுத்திருக்கிறார். பெயர் 'நம்பிக்கையின் வெற்றி'. அதில் ஹிட்லருக்குப் பக்கத்தில், கிட்டத்தட்டச் சம உயரத்தில், நாஜி கட்சியின் சீருடைப் படையான எஸ்.ஏ.வின் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் நிற்கிறார். 1934 ஜூன் 30-ல் தொடங்கிய களையெடுப்பில் ஹிட்லர் உத்தரவின்பேரில் ரோம் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் புழக்கத்திலிருந்து மறைக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து பிரிட்டனில் ஒரு பிரதி கிடைத்த பிறகுதான் நாம் பார்க்கவே முடிந்தது.

அந்தக் கொலை நடந்து இரண்டே மாதத்தில், 1934 செப்டம்பரில், 'ட்ரையம்ப்' படப்பிடிப்பு. இப்போது அந்தப் புகழ்பெற்ற உயரக் காட்சியை மறுபடி பாருங்கள். பெரும் படையாக ஆட்கள் இரண்டு பக்கமும் கட்டம் கட்டி நிற்கிறார்கள். நடுவில் அகலமான வெற்றுப் பாதை. ஹிட்லர், ஹிம்லர், ரோமின் இடத்துக்கு வந்த லுட்ஸே, மூன்று பேர் மட்டும் போர் நினைவிடத்தை நோக்கி நடக்கிறார்கள். பிறகு ஹிட்லர் எஸ்.ஏ. படையினரிடம், இயக்கத்தின் மேல் விழுந்த நிழல் உங்களுடையதல்ல என்ற பொருளில் பேசுகிறார். தலைவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அவன் படையை முன்னால் நிறுத்தி, எல்லாம் சுமுகம் என்று நாட்டுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்த உயரமும் வெறுமையான பாதையும் ஒழுங்கும் அதற்காகத்தான். அரசியலை ஓரமாக வைத்துவிட்டால், கேமரா ஏன் அங்கே ஏறியது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது.

முந்தைய படத்தில் தடுமாற்றம் நிறைய. ஆட்கள் வரிசை மாறுகிறார்கள், தலைவர்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டார் என்பது புரியும்.

ஜூன் 5, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அவர் அரசியல் தெரியாத கலைஞர், உத்தரவுக்கு எடுத்தார்' என்று கீழே ஒருவர் வாதாடியிருக்கிறார். ரீஃபென்ஸ்டால் 101 வயது வரை வாழ்ந்தார், 2003-ல் சாகும்வரை அவரும் இதையேதான் சொன்னார். அதற்கு இரண்டு பதில்கள்.

1932-ல் அவர் இயக்கிய முதல் படம் 'நீல ஒளி'. அதன் திரைக்கதையில் பெரும் பங்கு பேலா பாலாஷுடையது. பாலாஷ் யூதர், கம்யூனிஸ்ட், சினிமாக் கோட்பாட்டில் முன்னோடி. அவர் தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டபோது, 1933 டிசம்பரில் ரீஃபென்ஸ்டால் ஒரு தாள் எழுதி, அந்த வழக்கைக் கவனிக்கும் அதிகாரத்தை யூலியஸ் ஸ்ட்ரைஹரிடம் கொடுத்தார். யூத வெறுப்புப் பத்திரிகை நடத்திய அதே ஸ்ட்ரைஹர். 1938-ல் படம் மறுபடி வந்தபோது பாலாஷ் பெயரே இல்லை.

இரண்டாவது, போர்க் காலத்தில் எடுத்த 'டீஃப்லாண்ட்'. ஸ்பானிய கிராமத்து மக்களாக நடிக்க, சால்ஸ்பர்க் அருகே மாக்ஸ்கிளான் முகாமிலிருந்தும் பெர்லின் மார்ட்ஸான் முகாமிலிருந்தும் ரோமா, சிந்தி இனத்தவரை, குழந்தைகள் உட்பட, கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் பிறகு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு அவர்கள் எல்லோரையும் நலமாகப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் 2002-ல் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இதில் தெரியாமல் செய்தது எது என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 8

கிராகவர் பெயரை ஒருவர் இழுத்திருக்கிறார், நல்லது. சீக்ஃபிரீட் கிராகவர் 1933 வரை ஒரு ஃபிராங்க்ஃபர்ட் பத்திரிகைக்கு எழுதியவர், பாரிஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் தப்பிப் போனவர். 1947-ல் வெளிவந்த அவருடைய புத்தகம், காலிகாரி தொடங்கி ஹிட்லர் வரை ஒரே நேர்கோடு இழுத்தது. கதாசிரியர்கள் எழுதியது அதிகாரத்துக்கு எதிரான கதை, ஆனால் கதை சொல்பவனே மனநோயாளி என்று முடிகிற வெளிச்சட்டகத்தை, அதாவது கதையைச் சுற்றி வரும் இன்னொரு கதையைச் சேர்த்ததும் அது அதிகாரத்துக்கு ஆதரவாகத் திரும்பிவிட்டது, ஜெர்மானிய மனமே கொடுங்கோலனுக்கு ஏங்கியது, இதுதான் அவர் வாதம்.

இதற்கு அவர் நம்பியது யானோவிட்ஸ் சொன்னதை. பிற்பாடு அசல் திரைக்கதைப் பிரதி ஒன்று கிடைத்தது. பத்திரமாக வைத்திருந்தவர் வெர்னர் கிராவுஸ். அந்தப் பிரதியிலும் ஒரு வெளிச்சட்டகம் இருக்கிறது. ஆனால் வேறு மாதிரி: பல வருஷம் கழித்து நாயகனும் ஜேனும் கணவன் மனைவியாக, விருந்துக்கு வந்தவர்களுக்குப் பழைய கதையைச் சொல்கிறார்கள். பைத்தியக்கார விடுதியில் முடிவது அதில் இல்லை. ஆக, யானோவிட்ஸ் சொன்னதுபோல் சட்டகமே இல்லாத கதை அல்ல அது. அதே சமயம் முடிவு மாற்றப்பட்டது என்பது உண்மைதான்.

கிராகவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. தன் உலகம் அழிந்ததை ஏன் என்று கேட்டு எழுதிய புத்தகம். ஆனாலும் அந்த நேர்கோட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாட்டின் மனம் என்று ஒன்றே ஒன்று இருந்து, அது எல்லாப் படங்களிலும் கசிந்தது என்றால், வெய்ட்டும் கிராவுஸும் ஏன் பிரிந்தார்கள்? இயக்குநர் வீனே நாடு கடந்து 1938-ல் பாரிஸில் இறந்தார். கார்ல் மேயர் 1944-ல் லண்டனில் வறுமையில் இறந்தார். தயாரித்த எரிக் பொம்மரை உஃபாவே வெளியேற்றியது. இவர்களும் அந்த மனத்தில் சேர்த்தி இல்லையா?

பொம்மர் விஷயத்தில் தேதிகளைப் பாருங்கள். 1933 மார்ச் 28-ல் கோயபல்ஸ் பெர்லினில் திரைத்துறையினரைக் கூட்டிப் பேசுகிறார். எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணங்களில் லாங்கின் 'நிபெலுங்கன்' இருந்தது, ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' இருந்தது. ஆம், சோவியத் படம்தான். மறுநாள் மார்ச் 29-ல் உஃபா நிர்வாகக் குழு கூடி யூத ஊழியர்களை நீக்க முடிவு எடுக்கிறது. பொம்மரும் அதில் ஒருவர். அப்போது அதைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் வந்திருக்கவில்லை.

ஜூன் 9

லாங் பற்றி ஒருவர் எழுதிய கதை: கோயபல்ஸ் அழைத்து ஜெர்மன் சினிமாவுக்கே தலைமை தாங்கச் சொன்னார், லாங் அன்றிரவே ரயில் ஏறிப் பாரிஸுக்குத் தப்பினார், வங்கியிலிருந்து பணம் எடுக்கக்கூட நேரமில்லை.

லாங் இதைப் பேட்டிக்குப் பேட்டி சொன்னார், நன்றாகவும் சொன்னார். அவருடைய பாஸ்போர்ட் பெர்லினில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள முத்திரைகளின்படி 1933 ஜூலை வரை அவர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். அவருடைய 'டாக்டர் மபூஸின் உயில்' அந்த வருஷம் மார்ச்சிலேயே தடை செய்யப்பட்டது, முதல் காட்சி ஜெர்மனியில் நடக்காமல் புடாபெஸ்டில் நடந்தது. இவை உறுதியானவை. ஒரே இரவில் ஓடினார் என்பதை மட்டும் விட்டுவிடலாம். சில மாதம் யோசித்துத்தான் போனார் என்றால் என்ன குறைந்துவிட்டது? தாய்மொழி, பணம், புகழ் எல்லாவற்றையும் விட்டுப் போகிற மனிதன் யோசிக்கத்தான் செய்வான்.

அவர் மனைவி, 'மெட்ரோபோலிஸ்' எழுதிய தேயா ஃபான் ஹார்போ, போகவில்லை. விவாகரத்து ஆனது. நாஜி கட்சியில் சேர்ந்தார், அந்த ஆட்சி முழுக்கப் படங்களுக்கு எழுதினார். இன்னொரு பெயரும் சொல்கிறேன். 'மெட்ரோபோலிஸ்' படத்தில் இதய இயந்திரத்தைக் காக்கும் ஃபோர்மேனாக வரும் ஹைன்ரிஷ் கியோர்கே. 20-களில் இடதுசாரிகளோடு இருந்தவர். 1933-ல் நாஜிப் படமான 'ஹிட்லர் யுங்கே க்வெக்ஸ்'ஸில், நாஜிகள் பக்கம் போகும் சிறுவனின் கம்யூனிஸ்ட் தந்தையாக நடித்தார். போருக்குப் பிறகு சோவியத் முகாமில் 1946-ல் இறந்தார்.

ஜூன் 9, சற்றுப் பிறகு

இந்தியத் தொடர்பு கேட்டவருக்குச் சுருக்கமாக. ஹிமான்ஷு ராயோடு 'பிரேம் சந்நியாஸ்' (1925), 'ஷிராஸ்' (1928) எடுத்த ஃபிரான்ஸ் ஆஸ்டன் ம்யூனிக்காரர். பிறகு பம்பாய் டாக்கீஸில் 'அச்சுத் கன்யா' உட்படப் பல படங்களை இயக்கினார். தீண்டாமைக்கு எதிரான அந்தப் படம் வெளிவந்த 1936-லேயே நாஜி கட்சியில் உறுப்பினர் ஆனார். 1939-ல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரைக் காவலில் வைத்தது. ஒளிப்பதிவாளர் யோசஃப் விர்ஷிங்கும் அடைக்கப்பட்டார், ஆனால் பிறகு இந்தியாவிலேயே தங்கிவிட்டார். 'மஹல்' (1949) படத்தின் இருட்டையும் ஊஞ்சலையும் ஒளியில் பிடித்தவர் அவர்தான். பெர்லின் நிழல்களை நம்மில் பலர் முதலில் பார்த்தது அந்த வழியாகத்தான் என்று தோன்றுகிறது.

ஜூன் 13

'நீல தேவதை' பற்றி யாரும் பேசவில்லை. ஜூன் 3-ல் சொன்ன பெயர்ப் பட்டியல் வழியை இந்தப் படத்துக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை.

1930 ஏப்ரல் 1-ல் பெர்லினில் முதல் காட்சி. கேபரே பாடகி லோலாவாக மார்லீன் டீட்ரிஷ். அன்றிரவே அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பின்னர் நாஜிகளின் அழைப்பை மறுத்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, நேச நாட்டுப் படை வீரர்களுக்காகப் போர்முனையில் பாடினார். அவளிடம் மயங்கி அழியும் பேராசிரியராக எமில் யானிங்ஸ். உலகத்தின் முதல் சிறந்த நடிகர் ஆஸ்கார் அவருக்குத்தான் கிடைத்தது. அவர் ஜெர்மனியில் தங்கி, 1941-ல் 'ஓம் க்ரூகர்' என்ற பிரிட்டிஷ் எதிர்ப்புப் பிரச்சாரப் படத்தின் நாயகன் ஆனார். பாடல்களுக்கு இசையமைத்த ஃபிரீட்ரிஷ் ஹொலண்டர் யூதர், 1933-ல் வெளியேறினார்.

மேடை வித்தைக்காரன் கீப்பெர்ட்டாகப் பெரிய உடம்போடு ஒருவர் வருவார், பேராசிரியரின் தலையில் முட்டை உடைக்கிறவர். அவர் குர்ட் கெரோன். யூதர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டுக் காயம் பட்டவர். 1933-க்குப் பிறகு பாரிஸ், அப்புறம் நெதர்லாந்து. அங்கே பிடிபட்டு வெஸ்டர்போர்க் முகாம், பிறகு தெரேசியன்ஸ்டாட். 1944-ல் அந்த முகாமைப் பற்றி ஒரு படத்தை அவரையே இயக்க வைத்தார்கள். கைதிகள் கால்பந்து ஆடுவதும் காபிக்கடையில் உட்கார்வதும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுமாக, யூதர்கள் சுகமாக வாழ்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்ட எடுத்த படம். ஆகஸ்ட், செப்டம்பரில் படப்பிடிப்பு முடிந்தது. அக்டோபர் 28-ல் அவரை ஆஷ்விட்ஸ் ரயிலில் ஏற்றினார்கள். அங்கே கொல்லப்பட்டார். படத்தில் தெரியும் முகங்களில் பெரும்பாலானவர்கள் கதியும் அதுதான்.

இழையைத் தொடங்கியவருக்கு: கெரோன் எடுத்தது பிரச்சாரப் படம், ரீஃபென்ஸ்டால் எடுத்ததும் பிரச்சாரப் படம். கேமரா கேமராதான் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒருவருக்கு மறுக்க வழி இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. எனக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஜூன் 16

மேலே எழுதியதற்குத் தொடர்ச்சி. 1940-ல் ஃபிரிட்ஸ் ஹிப்லர் தொகுத்த 'நித்திய யூதன்' என்ற ஆவணப்படம், 'யூட் சூஸ்' வந்த அதே வருஷம். யூதர்களை எலிக் கூட்டத்தோடு சேர்த்துக் காட்டியது. அதில் கெரோனின் பழைய படத் துண்டுகள் இருக்கின்றன. லாங்கின் 'எம்' படத்திலிருந்தும் ஒரு துண்டு இருக்கிறது. கடைசியில் பீட்டர் லோரே மண்டியிட்டு, 'என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று கதறும் காட்சி.

'எம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தைகளைக் கொன்றவன் அவன். அவனைக் கள்வர் கூட்டம் பிடித்து வந்து, பாழடைந்த ஆலையில் தாங்களே கோர்ட் நடத்துகிறது. கொல்லு என்று கத்துகிறது. அவன் கண்கள் பிதுங்க, விரல்கள் வளைந்து, தன்னைத் துரத்தும் இன்னொருவனைப் பற்றிப் பேசப் பேசக் கூட்டத்தில் சிலர் தலையாட்டுகிறார்கள். அவர்களுக்கும் அந்த உணர்வு தெரியும். கும்பல் கொலை வெறியில் கொதிக்கும்போது, குற்றவாளிக்கும் முறையான விசாரணை வேண்டும் என்று 1931-ல் ஒரு படம் கேட்டது. ஹிப்லர் கூட்டத்தை வெட்டிவிட்டு, லோரேயின் முகத்தை மட்டும் எடுத்து, யூத நடிகனின் இயல்பே இது என்று ஒட்டினார். அதே பிலிம் துண்டு, அதே நடிப்பு, அதே வெளிச்சம்.

அதே தொழில்நுட்பம் எதிர் அர்த்தத்துக்கு வேலை செய்தது என்றால், தொழில்நுட்பத்தைத் தனியாகப் பாராட்டலாம் என்றுதானே ஆகிறது என்று இதற்குப் பதில் எழுதியிருக்கிறார் ஒருவர். அப்படி ஆகவில்லை. ஹிப்லர் அந்தக் காட்சியை முழுசாகப் பயன்படுத்த முடியவில்லை, வெட்ட வேண்டியிருந்தது. கூட்டத்தின் முகங்கள் திரையில் இருக்கும்வரை அந்தக் காட்சி அவருக்கு உதவாது. லாங்கின் எடிட்டிங் அந்த அர்த்தத்தோடு பிணைந்திருந்தது.

ஜூன் 17

'யூட் சூஸ்' எடுத்த ஹார்லனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். போருக்குப் பிறகு ஹாம்பர்க்கில் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காக வழக்கு நடந்தது. 1949-ல் விடுதலை, மேல்முறையீட்டுக்குப் பிறகு 1950-ல் மறுபடி விடுதலை. படம் எடுக்கத் தொடங்கினார். எரிக் லூத் என்பவர் அவர் படத்தைப் புறக்கணியுங்கள் என்று அழைப்பு விடுத்தார். படக் கம்பெனிகள் லூத் மேல் வழக்குப் போட்டுக் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தன. 1958-ல் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் லூத் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கருத்துரிமை பற்றி ஜெர்மன் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் அது ஒன்று. கிராவுஸ் வியன்னா மேடைக்குத் திரும்பினார், 1950-ல் பெர்லினில் அவர் நாடகத்துக்கு எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது, 1954-ல் ஜெர்மன் மேடையின் உயர்ந்த கௌரவமான இஃப்லாண்ட் மோதிரம் அவர் கைக்கு வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெய்ட் இறந்து அப்போது 11 வருஷம்.

ஜூன் 21

எங்கள் திரைப்படக் குழுவில் 'யூட் சூஸ்' போடலாமா என்று கேட்டவருக்கு: ஜெர்மனியில் இப்படிப்பட்ட சுமார் 40 படங்களை முர்னாவ் அறக்கட்டளை தனியாக வைத்திருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும், முன்னால் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும், பின்னால் விவாதம் நடத்த வேண்டும். முழுத் தடையும் இல்லை, திறந்த திரையிடலும் இல்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. சரித்திரம் தெரிந்து அறிமுகம் செய்யவும், படம் முடிந்ததும் ஒரு மணி நேரமாவது பேசவும் ஆள் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

அதற்குப் பதிலாக என் ஆலோசனை இது. முதல் நாள் 'காலிகாரி', 2014-ல் கேமரா நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பிரதி. சாயம் பூசிய நிறங்களும் கையால் எழுதியதுபோன்ற வசன அட்டைகளும் அதில்தான் சரியாக இருக்கின்றன. நான் முதலில் பார்த்த சாம்பல் நிறப் பிரதியில் வரைந்த நிழல்கள் பாதி தெரியவே இல்லை. இரண்டாம் நாள் 'எம்'. அதில் இசையமைப்பாளர் கிடையாது, கொலைகாரனின் சீட்டி மட்டுமே, அதனால் ஒலி நன்றாக இருக்கும் அறையாகப் பாருங்கள். பழைய வெட்டிய பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன, 110 நிமிடத்துக்கு அருகில் இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள். ரீஃபென்ஸ்டாலின் இரண்டு நியூரெம்பெர்க் படங்களிலிருந்தும் அந்த நினைவிட நடையை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் மூன்றாம் நாளுக்குப் போதும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அறிமுக உரைக்கு நான் வருகிறேன்.